ஈரலுக்குள் ஒரு மோட்டார்

தேன்மொழிக்கு ஒரு வியாதி உண்டு என்பது புத்தலப்பட்டு கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பொருளைக் கண்டாலும் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மிக்ஸி நின்றுபோனால் மற்றப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவார்கள். இவள் ஸ்குரூ டிரைவரை எடுப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணைப் பார்க்கும் முன் ஜெனரேட்டரைப் பார்ப்பாள்.

குடுபல்லிப் பக்கம், சொந்தமாகக் கையகல நிலம்கூட இல்லாத ஒரு கூலி வீட்டில் பிறந்தவள். சின்ன வயதில் பக்கத்து ரெட்டியார் கொல்லையில் போர் போட லாரி வந்தது. தண்ணீர் பீறிட்டதும் பிள்ளைகளெல்லாம் நனைய ஓடினார்கள். இவள் மட்டும், "அவ்ளோ பள்ளத்துல கீற தண்ணிய யாரு மேல தள்றது?" என்று லாரிக்காரர் உயிரை வாங்கிக்கொண்டு நின்றாள். தலை முதல் கால் வரை கல்மாவு அப்பிக்கொண்டு வீடு திரும்பியவளைப் பார்த்து அவள் அம்மா பேய் என்று அலறினாளாம்.

கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. புருஷோத்தமன் அவள் அம்மாவின் கடைசித் தம்பி. அந்தப் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. மாமன் கல்லுக்குண்டு போல இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை தேடினால்தான் ஊர் வாயில் விழவேண்டும். அவன் சித்தூர்–திருப்பதி ரோட்டோரம் ஒரு மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தான். மாந்தோப்பு, கரும்புக் கொல்லை என்று எங்கே போர் மோட்டார் எரிந்தாலும், முக்காலியும் சங்கிலியும் கொண்டுபோய் மேலே தூக்கி வருவான். தேன்மொழி கடையில் உட்கார்ந்து, எரிந்த காயிலை அறுத்து இழுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுவாள். வேடிக்கை பார்க்க உட்கார்ந்தவள்தான். இரண்டு வருஷத்தில் புருஷனைவிட நன்றாகக் கட்டினாள். "பொம்பள கட்டுன காயில் தாங்குமா?" என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. கோடை தாண்டியும் மோட்டார் ஓடியது. வாய்களும் மூடிக்கொண்டன.

பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் சந்தியா பத்தாம் வகுப்பு. இளையவள் தேவசேனா இரண்டு வகுப்பு கீழே, கோகோ ஆட்டத்தில் காற்று. சந்தியாவுக்குத்தான் அம்மாவின் வியாதி முழுதாக இறங்கியிருந்தது. கேள்விக்குக் கேள்வி, எதிர்க்கேள்வி. அப்படிப்பட்டவளுக்கு அந்த வருஷம் கை நடுங்க ஆரம்பித்தது.

முதலில் எழுத்து கோணியது. பிறகு டம்ளரிலிருந்து பால் தளும்பியது. பேச்சு இழுத்தது. வாயோரம் எச்சில் வழிவது அவளுக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில், "சதுவு மீத சிரத்த லேது," என்று தெலுங்கில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். படிப்பில் அக்கறை இல்லையாம்! உட்கார்ந்து எழுத முடியாத பிள்ளைக்கு அக்கறை எங்கிருந்து வரும்? சித்தூரில் ஒரு டாக்டர் சத்துக் குறைவு என்றார், இன்னொருவர் பயம் என்றார்.

தேன்மொழி பால் ஊற்றப் போகும் சொசைட்டியில் வெங்கடம்மா என்பவள் ஒரு வழி சொன்னாள். "நரம்புக்கு ராகி சொம்பு தண்ணியப் போல மருந்து இல்லடி. ராத்திரி ஊத்தி வெச்சி காலைல வெறும் வயித்துல குடுக்கணும். கோயில் தீர்த்தம் இன்னாத்துக்கு செம்புல கீது? சும்மாவா?"

அந்தப் பக்கத்தில் செம்பைத்தான் ராகி என்பார்கள். ஊர் உலகமெல்லாம் செய்வதுதான். ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்து தேன்மொழிக்குப் பழக்கமில்லை. கடையில் எரிந்த காயில்களிலிருந்து உருவிய பழைய கம்பி மூட்டையாகக் கிடந்தது. அதைத் திருப்பதிக்கு எடுத்துப்போய், ஒரு பாத்திரக் கடையில் எடைக்கு எடை போட்டு, கனமான செம்புக் குடம் ஒன்றை வாங்கி வந்தாள். தன் கைப்பட்ட கம்பி தன் பெண்ணுக்கு மருந்தாகிறது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. சும்மா தண்ணீர் எதற்கு, சத்து நன்றாக இறங்கட்டும் என்று எலுமிச்சம்பழமும் பிழிந்து ஊறவைத்தாள். புளிப்புப் பட்டால் செம்பு கரையும் என்பது அவளுக்குத் தெரியும், கம்பியைத் தினமும் துடைப்பவள் அல்லவா? கரையட்டும் என்றுதான் பிழிந்தாள். தினமும் இரண்டு பெண்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். தேவசேனா கோகோவில் மண்டல அளவில் ஜெயித்து வந்தாள். சந்தியாவுக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூட கை வரவில்லை.

கடைசியில் திருப்பதிப் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனார்கள். ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டு, அங்கிருந்து கண் பிரிவு. அங்கே சந்தியாவின் முகவாயை ஒரு கருவியில் வைத்து வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர், பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கைக்கும் நாக்குக்கும் கேடு என்று வந்தால் கண்ணில் என்ன தேடுகிறார்கள்? தேன்மொழிக்குத் தாங்கவில்லை. "நானும் பாக்கலாமா மேடம்?" என்று கேட்டேவிட்டாள். நல்ல மனுஷி போல, காட்டினார்கள். கருவிழியின் ஓரம் முழுக்க, பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம்.

அதற்கு விளக்கம் சொன்னது டாக்டர் அலர்மேல். தேன்மொழியைவிடச் சின்னவள், கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். தெலுங்கில் ஆரம்பித்தவள் இவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்குத் தாவினாள்.

"அது செம்பு. கண்ணுல தெரியறது கொஞ்சம்தான். ஈரல்லயும் மூளைலயும் நெறைய சேர்ந்திருக்கு. அதனாலதான் கை நடுங்கறது. இதுக்கு வில்சன் வியாதின்னு பேரு."

புருஷோத்தமன் மெதுவாகத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். குடத்தைப் பற்றி அவளே சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள்.

"எலுமிச்சம்பழம் வேற பிழிஞ்சேளா?"

"ஆமா மேடம்."

"இனிமே வேண்டாம். ஆனா கேளுங்கோ. எங்காத்துலயும் பெருமாள் தீர்த்தம் செம்புலதான். நாங்க தெனம் குடிக்கறோம், ஒண்ணும் ஆகறதில்லை. ஏன்னா கூடுதலா வர்ற செம்பை ஈரல் வெளில தள்ளிடறது. உங்க பொண்ணுக்குப் பொறக்கறச்சேயே அந்தப் பம்பு சரியில்லை. குடம் இல்லேன்னாலும் இது வந்திருக்கும்."

பம்பு என்ற சொல் காதில் விழுந்ததும் தேன்மொழி நிமிர்ந்தாள். எந்தப் பம்பு? ஈரலில் பம்பு இருக்கிறதா? கரண்ட் எங்கிருந்து?

அலர்மேலுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, புரதத்தால் ஆனது. ஒன்றல்ல, பெரிய குடும்பமே இருக்கிறது, ஏடிபேஸ் என்று பெயர். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏடிபி என்று ஒரு பொருள் உண்டு. அதுதான் கரண்ட். ஏடிபியிலிருந்து ஒரு துண்டு உடைந்து பம்பின்மேல் ஒட்டும். ஒட்டியதும் பம்பு வளையும். உள்பக்கம் திறந்திருந்த வாய் மூடி வெளிப்பக்கம் திறக்கும், பிடித்திருந்ததை அங்கே விட்டுவிடும். துண்டு விழுந்ததும் பழையபடி ஆகிவிடும். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு வேலை. உப்பை வெளியே தள்ளுவது ஒன்று, அது நின்றால் நரம்பில் ஒரு சேதியும் ஓடாது. தசையை முறுக்கவைக்கும் கால்சியத்தை வாரி அதன் கிடங்குக்குள் போட்டுத் தசையைத் தளர்த்துவது ஒன்று. இரைப்பையில் அமிலம் இறைப்பது இன்னொன்று. "எல்லாரும் கேஸ் மாத்திரை போட்டுக்கறாளே, அது அந்தப் பம்பை நிறுத்தறதுக்குத்தான்."

"மாமா! நீ தெனம் காலைல போடறியே அது மோட்டார நிறுத்துற மாத்திரையாம்!" என்றாள் தேன்மொழி.

"நீ சும்மா கெட," என்றான் புருஷோத்தமன்.

"செம்புக்கு ரெண்டு பம்பு," என்று டாக்டர் தொடர்ந்தாள். "அக்கா தங்கை மாதிரி. குடல்ல இருக்கறது சாப்பாட்டுலேர்ந்து செம்பை ரத்தத்துல விடும். அதுவும் வேணும், செம்பு கொஞ்சம்கூட இல்லாம மனுஷா இருக்க முடியாது. ஈரல்ல இருக்கறது மிச்சத்தைப் பித்தத்தோட வெளில தள்ளும். சந்தியாவுக்குக் கெட்டது அந்த ரெண்டாவது."

"இதெல்லாம் சுத்துமா மேடம்?"

"இது சுத்தாது, வளையறது. ஆனா இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் ஒண்ணு இருக்கு, அது நெஜமாவே சுத்தும். அந்த ஏடிபியைத் தயார் பண்றதே அதுதான்."

தேன்மொழி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்புக்குள் கோடி கோடியாக மோட்டார் சுத்துகிறது, கரண்ட் தயாராகிறது! திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் சந்தியாவின் தலை அவள் தோளில் ஆடிக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளை இப்படிக் கிடக்கும்போது தனக்கு இது ருசிக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ருசிப்பது நிற்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் குடத்தின் நினைப்பு வந்து எல்லாவற்றையும் கசப்பாக்கியது.

வீட்டில் சட்டம் மாறியது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் சந்தியாவுக்கு மாத்திரை. ஈரல் கூடாது, காளான் கூடாது, சாக்லேட் கூடாது. வேர்க்கடலையும் கூடாது என்றபோதுதான் வீடே ஆடிப்போனது. கடலைச் சட்னி இல்லாமல் இட்லி துன்னுவது எப்படி என்று சித்தூர் ஜில்லாவில் யாருக்காவது தெரியுமா?

புருஷோத்தமன் பெண்டாட்டியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மறுநாள் கடைக்குப் போய், கம்பிச் சுருள்களையெல்லாம் மூட்டை கட்டி, சித்தூரில் ஒருவனிடம் போட்டுவிட்டு வந்தான். "இனிமே வைண்டிங் வேணாம். தூக்குறது எறக்குறது மட்டும் போதும். அந்த கையால புள்ளைக்கு சோறு போடற," என்றான். தேன்மொழி தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். ஒருவேளை அதுதான் நிஜமோ? குடத்தை மட்டும் அவள் விற்கவில்லை. விற்றால் இன்னொரு வீட்டுக்குப் போகும், யார் ஈரல் எப்படியோ! கடை மூலையில், காலியான ஒரு பழைய மோட்டார் பெட்டிக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடிவைத்தாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சந்தியாவின் ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் கேனில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. மாத்திரை செம்பை வெளியே இழுக்கிறதா என்று பார்க்க. பஸ்ஸில் கேனை மடியில் வைத்திருந்தவளைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மாள், "நெய்யாம்மா?" என்று கேட்டாள். "ஆமாங்க, ஆர்டர்," என்றாள் தேன்மொழி. ரொம்ப நாளைக்கு அப்புறம் சந்தியா சிரித்தாள், இழுத்து இழுத்து.

அன்றைக்கு தேன்மொழி இரண்டு கேள்விகளோடு போயிருந்தாள். முதல் கேள்வி, செம்புக் கம்பியைத் தொட்டால் உடம்பில் ஏறுமா? ஏறாது, கை கழுவிவிட்டுச் சாப்பிட்டால் போதும் என்றாள் அலர்மேல். இரண்டாவதைத்தான் அவளால் விடமுடியவில்லை.

"சின்னவளும் அதே கொடத்துத் தண்ணியத்தான் குடிச்சா. அவளுக்கு ஒண்ணும் இல்லியே. ஏன் மேடம்?"

"நானே சொல்லணும்னு இருந்தேன். ஒண்ணு, அவ பம்பு நன்னா இருக்கலாம். இல்லேன்னா அவளுக்கும் கெட்டுப்போய், இன்னும் வெளில தெரியாம இருக்கலாம். அழைச்சிண்டு வாங்கோ. இப்பவே தெரிஞ்சா, நடுக்கமே வராம காப்பாத்திடலாம்."

தேன்மொழி வீட்டுக்கு வந்து சொன்னதும் புருஷோத்தமன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். "நல்லா ஆடிக்கினு கீற பொண்ணு! அவளையும் கொண்டுபோயி நோயாளி ஆக்கணுமா? நீ கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் வருது!"

"கேக்கலன்னா மட்டும் வராதா மாமா?"

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். நாட்கள் ஓடின. பேச்செடுத்தாலே முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். தேன்மொழிக்கோ சின்னவள் தோசையைப் பிய்க்கும்போதெல்லாம் கண் அவள் விரலுக்கே போனது. பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, இந்த நோய் எந்த வழியாக வருகிறது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். புருஷன் எதற்குப் பயப்படுகிறான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஊரில் ஏற்கெனவே, அக்கா பெண்ணைக் கட்டியதால் வந்தது என்று யாரோ அவன் காதில் போட்டிருந்தார்கள். இளையவளுக்கும் இருந்துவிட்டால் அது தன் ரத்தத்தின் குற்றம் என்று தீர்ந்துபோகும். அதுதான் அவன் பயம்.

ஒரு மத்தியானம் கடையில் அவன் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, கேளு. ஒரு கெணத்துல ரெண்டு மோட்டார் கீதுன்னு வெச்சிக்க. ஒண்ணு நைனா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. ஒண்ணு எரிஞ்சாலும் இன்னொண்ணு எறைச்சிடும், யாருக்கும் தெரியாது. உனக்கு ஒண்ணு எரிஞ்சிகீது. எனக்கும் ஒண்ணு எரிஞ்சிகீது. நம்ம ரெண்டு பேரும் ஒரே வூட்டு ரத்தம், எங்கியோ ஒரே எடத்துல இருந்து வந்தது. சந்தியாவுக்கு நீயும் எரிஞ்சத குடுத்த, நானும் எரிஞ்சத குடுத்தேன். உன்னுது மட்டும் இல்ல. பாதி என்னுது."

அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான்.

"சின்னவளுக்கு இன்னா குடுத்தோம்னு தெரியாது. எரியுற வரைக்கும் பாத்துக்கினு இருக்கறதா? மோட்டார ஒரு கொல்லைக்காரன் அப்பிடி உட்டா நீ திட்ட மாட்டியா?"

"மோட்டார பிரிச்சி பாக்கலாம். புள்ளைய எப்பிடி தேனு..." என்று ஆரம்பித்தான். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். அந்த வாரமே தேவசேனாவை அழைத்துக்கொண்டு போனார்கள்.

இரத்தம், சிறுநீர், கண், கடைசியாக மரபணுச் சோதனை. முடிவு வர நாளாகியது. அலர்மேல் சுற்றி வளைக்கவில்லை. "இவளுக்கும் இருக்கு," என்றாள். தேன்மொழிக்கு இடி விழுந்தது போல இருந்தது. ஆனால் அடுத்த வார்த்தையையும் அவள் விடாமல் கேட்டாள். ஈரலில் கொஞ்சம்தான் சேர்ந்திருக்கிறது, மூளைக்குப் போகவில்லை. துத்தநாக மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் குடலிலேயே செம்பைத் தடுத்துவிடும். ஆயுசுக்கும் போட வேண்டும், விட்டால் ஆபத்து. போட்டால் படிக்கலாம், ஓடலாம், கல்யாணம் காட்சி எல்லாம் உண்டு.

"கோகோ?" என்றாள் தேவசேனா. அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

"தாராளமா ஆடு," என்றாள் டாக்டர்.

இப்போது அதற்கெல்லாம் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடையில் மறுபடி கம்பிச் சுருள் வந்துவிட்டது, புருஷோத்தமனே போய் வாங்கிவந்தான். தேவசேனா ஜில்லா அணியில் ஆடுகிறாள், விரலில் ஒரு நடுக்கம் இல்லை. சந்தியா எடுத்த எடுப்பில் தேறிவிடவில்லை. மாத்திரை ஆரம்பித்த புதிதில் நடுக்கம் இன்னும் மோசமாகி எல்லோரையும் கலங்கடித்தது. பிறகு பேச்சு திருந்தியது, எச்சில் நின்றது. கை மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை, எழுதினால் கொஞ்சம் கோணும். ஒரு வருஷம் வீணாகப் போனாலும் விட்ட படிப்பைத் தொடர்ந்து, பத்தாவது முடித்து இண்டரில் சேர்ந்திருக்கிறாள். அவள் மெதுவாக எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் தேன்மொழிக்கு நெஞ்சுக்குள் எலுமிச்சம்பழம் பிழிவது போல இருக்கும். குடம் இல்லையென்றாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னது வாஸ்தவம். ஆனால் இவ்வளவு வந்திருக்குமா? இந்த விரல் இவ்வளவு கோணியிருக்குமா? அதை மட்டும் டாக்டரிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தியா கடையைப் பெருக்க வந்தவள் பழைய பெட்டியை நகர்த்தினாள். சாக்கு விலகியது. பச்சைக் களிம்பு பிடித்துப்போன குடம் வெளியே வந்தது. தேன்மொழி கையில் இருந்த கம்பி அப்படியே நின்றுவிட்டது.

"இத இன்னும் வெச்சிக்கினு கீறியா அம்மா?"

"வெளில போட மனசு வரல. உள்ள வெக்கவும் மனசு வரல," என்றாள் தேன்மொழி. பிறகு, இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னாள். "அதுலதான் உன் கையி போச்சோன்னு தெனம் நெனைக்கிறேன்டி."

சந்தியா குடத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அம்மாவைப் போலவே, முதலில் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நீயே கணக்கு போடும்மா. இந்த தண்ணி இல்லன்னா எனக்கு மெதுவாத்தான் முத்தியிருக்கும். பெரியாஸ்பத்திரிக்கு அஞ்சாறு வருசம் கழிச்சித்தான் போயிருப்போம். அதுக்குள்ள சின்னவளுக்கும் மூளைக்கு ஏறியிருக்கும், ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே கையி ஆடியிருக்கும். எனக்கு சீக்கிரம் முத்துனதுலதான அவளுக்கு ஒண்ணும் ஆவல?"

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு, தரையில் கிடந்த நட்டு போல்ட்டுகளைப் பொறுக்கிக் குடத்தில் போட ஆரம்பித்தாள். நடுங்கும் விரலில் ஒன்றிரண்டு நழுவின, திரும்பப் பொறுக்கினாள். தேன்மொழி எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் அப்போதுதான் அசைந்தது.

மறு வாரம் திருப்பதியில் அலர்மேல் இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது கேக்கணுமா?" என்று வழக்கம்போலக் கேட்டாள். பெண்ணின் கணக்கு சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்டால் டாக்டர் சொல்லிவிடுவாள். எதையும் பிரித்துப் பார்க்காமல் விட்டறியாத தேன்மொழி, மாத்திரைச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஒண்ணும் இல்ல மேடம்," என்று சொல்லிவிட்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.